டோக்ராய்: ஒரே ஊருக்கு இரண்டு போர்

வாகா எல்லையிலிருந்து லாகூர் நோக்கி கிராண்ட் டிரங்க் சாலையில் போனால், பத்து கிலோமீட்டருக்குள் ஒரு பெரிய கால்வாய் குறுக்கே வரும். இந்திய ராணுவ வரைபடங்களில் அதன் பெயர் இச்சோகில். பாகிஸ்தானியர்கள் பி.ஆர்.பி. கால்வாய் என்பார்கள். பம்பாவாலி, ராவி, பேடியான் என்ற மூன்று பெயர்களின் சுருக்கம் அது. கிழக்குக் கரையில் டோக்ராய் என்ற சிற்றூர். எதிரே மேற்குக் கரையில் பாட்டாபூர். நம் ஊர் கடைத்தெருக்களிலும் செருப்பு விற்கும் அதே பாட்டா கம்பெனியின் தொழிற்சாலை அங்கே இருந்ததால் அந்தப் பெயர்.

1965 செப்டம்பர் 6-ஆம் தேதி, பட்டப்பகலில், ஜாட் ரெஜிமென்ட்டின் 3-வது பட்டாலியன் இந்தக் கால்வாயைக் கடந்து பாட்டாபூர் மண்ணில் கால் வைத்தது. அன்றைக்கே திரும்பி வந்துவிடும்படி உத்தரவு போனது. பதினைந்து நாள் கழித்து, செப்டம்பர் 21 நள்ளிரவு தாண்டிய வேளையில், அதே பட்டாலியன் மறுபடியும் அந்தக் கால்வாயை நோக்கி நடந்தது. இந்த முறை மறுகரை குறியில்லை. இக்கரையில் இருக்கும் டோக்ராயைப் பிடித்தால் போதும் என்பதே திட்டம். அதற்கு ஒரே இரவில் ஐம்பதுக்கும் அதிகமான உயிர்கள் போயின. நூற்றைம்பது பேருக்கும் மேல் காயம்பட்டார்கள்.

டோக்ராயின் வீரத்தைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் சொல்லலாம், தகும். ஆனால் ஒரே ஊரை ஒரு பட்டாலியன் ஏன் இரண்டு முறை பிடிக்க வேண்டியிருந்தது என்ற கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டு அந்த வீரத்தைப் பேசுவது, செத்தவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

தண்ணீருக்காக வெட்டிய அரண்

இந்தக் கால்வாய் பிறந்ததற்குப் பின்னால் ஒரு தண்ணீர்ச் சண்டை இருக்கிறது. பிரிவினைக்குப் பிறகு பஞ்சாபின் பாசனம் இரண்டாக வெட்டுப்பட்டது. தலைமதகுகள் இந்தியாவில், அவற்றால் நனையும் வயல்கள் பாகிஸ்தானில் என்று ஆயிற்று. 1948 ஏப்ரல் 1-ஆம் தேதி கிழக்குப் பஞ்சாப் அரசு மதகுகளை அடைத்தது. லாகூரைச் சுற்றியிருந்த பாரி தோஆப் நிலங்கள் காய்ந்தன. மே மாதம் டெல்லியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டுத் தண்ணீர் மீண்டும் வந்தது. ஆனாலும் பாகிஸ்தான் அந்த ஒரு மாதத்தை மறக்கவில்லை. மேட்டூர் திறக்குமா என்று ஜூன் மாதம் வானத்தையும் செய்தித்தாளையும் பார்த்திருக்கும் நம் டெல்டா விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்தியாவின் மதகை நம்பாமல், வடக்கேயிருந்து தண்ணீர் கொண்டுவந்து, ராவி ஆற்றுக்கு அடியில் சுரங்கம்போல் கடத்தி, லாகூருக்குக் கிழக்கே தெற்கு நோக்கி ஓட விட்டார்கள்.

அது எல்லைக்கு ஏறக்குறைய இணையாக ஓடியது. லாகூருக்கும் இந்தியாவுக்கும் நடுவே. அகலம் சுமார் 140 அடி, ஆழம் 15 அடி. கரைகளைச் சரிவாக உயர்த்தி, கரையோரம் கான்கிரீட் பதுங்கு அறைகள் கட்டி, இயந்திரத் துப்பாக்கிகளைப் பொருத்திவிட்டால் பாசனக் கால்வாய் கோட்டை அகழியாகிவிடும். பாகிஸ்தான் ராணுவம் அதைத்தான் செய்தது.

ஆறு வளைந்து போகும். வளைவுகளில் மறைவு இருக்கும், நாணல் இருக்கும், திட்டு இருக்கும், கால் ஊன்ற மணல் இருக்கும். கால்வாய் மனிதன் வெட்டியது, அதனால் நேராக ஓடும். ஒரு முனையில் வைத்த இயந்திரத் துப்பாக்கி கண்ணுக்கு எட்டும் தூரம் வரை நீர்ப்பரப்பு முழுவதையும் வாரிவிடும். கரையின் சரிவில் டாங்கி ஏற முடியாது. கரைமேட்டின் பின்னால் இருப்பவனை, எதிர்க் கரையில் இருப்பவன் பார்க்கவே முடியாது. 1918 நவம்பர் 4-ஆம் தேதி, முதல் உலகப்போர் முடிய ஒரு வாரமே இருந்தபோது, பிரான்ஸில் சாம்பர்-வாஸ் கால்வாயைப் பிரிட்டிஷ் படை விடியுமுன் இருட்டில் கடக்கப் பார்த்தது. மிதவைப் பாலத்தை இழுத்துவந்த பொறியாளர்களும் காலாட்படையும் தண்ணீர் விளிம்பிலேயே விழுந்தார்கள். கவிஞர் வில்ஃப்ரெட் ஓவன் இறந்தது அந்தக் காலையில்தான். கால்வாயை நேர்முகமாகத் தாக்குவதன் விலை அன்று முதல் எல்லா ராணுவங்களுக்கும் தெரியும்.

அதனால்தான் செப்டம்பர் 6-இன் மதிப்பு அவ்வளவு பெரியது. அன்றைக்கு அந்த விலையைக் கொடுக்காமலே 3 ஜாட் கால்வாயைக் கடந்திருந்தது.

கைக்கு எட்டிய பாட்டாபூர்

1965 ஆகஸ்ட்டில் காஷ்மீருக்குள் ஆட்களை ஊடுருவ விட்ட பாகிஸ்தான், செப்டம்பர் 1-ஆம் தேதி சம்ப் பகுதியில் டாங்கிகளோடு இறங்கியது. அக்னூர் பாலம் போனால் ஜம்முவுக்கு மேற்கே உள்ள நம் படைகளுக்கு வழி அறுந்துவிடும். அழுத்தத்தைக் குறைக்க ஒரே வழி வேறு இடத்தில் அடிப்பது. பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி சர்வதேச எல்லையைத் தாண்ட அனுமதி கொடுத்தார். செப்டம்பர் 6 விடியற்காலை நான்கு மணிக்கு, பஞ்சாபில் மூன்று டிவிஷன்கள் மூன்று சாலைகளில் புறப்பட்டன. அமிர்தசரஸ்–லாகூர் சாலை 15-வது காலாட்படை டிவிஷனுக்கு. அதன் 54-வது பிரிகேடில் முன்னணியில் போனது 3 ஜாட்.

பட்டாலியனின் தலைவர் லெப்டினன்ட் கர்னல் டெஸ்மண்ட் ஹைட், ஐரிஷ் வம்சாவளிக்காரர். அவர் தலைமையில் இருந்த ஜவான்களோ ஹரியானா, மேற்கு உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் கிராமங்களின் விவசாயிப் பிள்ளைகள். ஹைட் அவர்களோடு பேசியது அவர்களுடைய ஹரியான்வியில். ஒரு பட்டாலியன் தன் 'சிஓ சாகிப்' பின்னால் எங்கே வேண்டுமானாலும் போகும் என்றால், அதற்குக் காரணம் அவர் போடும் உத்தரவு மட்டுமல்ல, அதை எந்த மொழியில் போடுகிறார் என்பதும்தான்.

எல்லைக் காவலைத் தாண்டி, கோசல் தயால் நிலைகளை உடைத்து, நண்பகல் வாக்கில் 3 ஜாட் டோக்ராய்க்குள் நுழைந்துவிட்டது. வழியில் பாகிஸ்தானின் சேபர் விமானங்கள் தாழப் பறந்து சுட்டன. டாங்கியை எதிர்க்கும் துப்பாக்கிகளை ஏற்றிய ஜீப்புகள் எரிந்தன. டோக்ராய் பாலத்தை எதிரி தகர்க்கப் பார்த்திருந்தான், முழுவதும் விழவில்லை. அதன் வழியே ஜவான்கள் மேற்குக் கரைக்குப் போனார்கள். பாட்டாபூரும் அதையடுத்த அட்டோக் அவானும் கைக்கு வந்தன. லாகூர் நகரம் இன்னும் பதினைந்து கிலோமீட்டர்கூட இல்லை.

கால்வாயின் மறுகரையில் காலூன்ற ஓர் இடம், அதாவது பாலத்தலை, கிடைத்துவிட்டால் செய்ய வேண்டியதைப் படிப்பிக்காத ராணுவப் பள்ளி உலகில் கிடையாது. அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஆள் அனுப்ப வேண்டும், டாங்கி அனுப்ப வேண்டும், குண்டு அனுப்ப வேண்டும். எதுவும் வரவில்லை. ஹைட் மறுகரையில் நிற்கிறார் என்ற செய்தியே பின்னால் இருந்தவர்களுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. வயர்லெஸ் கைகொடுக்கவில்லை. பின்னால் வர வேண்டிய படைகள் விமானத் தாக்குதலில் கலைந்து கிடந்தன. அன்று காலை அந்தச் சாலைக்கு மேலே நம் விமானங்கள் இல்லை. தரைப்படைக்கும் விமானப்படைக்கும் இடையே திட்டம் போட்ட விதம் அப்படி. டிவிஷன் தலைமையகத்தில் நிலவியது வெற்றியின் வேகம் அல்ல, வரப்போகும் எதிர்த்தாக்குதலைப் பற்றிய கவலை. பட்டாலியனைப் பின்வாங்கச் சொன்னார்கள். கையில் பிடித்த கால்வாயை விட்டுவிட்டு 3 ஜாட் திரும்பி நடந்தது.

டிவிஷன் தலைவர் மேஜர் ஜெனரல் நிரஞ்சன் பிரசாத். 1962-இல் சீனாவுக்கு எதிராக நாம்கா சூ ஓடைக்கரையில் சிதைந்த 4-வது டிவிஷனுக்கும் இவர்தான் தலைவர். அங்கே மேலிடத்தின் பைத்தியக்காரத் திட்டங்களை எதிர்த்துப் பேசியவர் என்ற நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். ஆனால் லாகூர்ச் சாலையில் தடுமாற்றம் அவருடையது. செப்டம்பர் 7-ஆம் தேதி அவருடைய ஜீப்புகள் பதுங்கியிருந்த எதிரியிடம் சிக்கின. அவர் தப்பிவிட்டார், ஆவணங்கள் தப்பவில்லை. அவற்றில் இருந்தவற்றைப் பாகிஸ்தான் வானொலி ஊருக்கெல்லாம் வாசித்தது. அவரை நீக்கிவிட்டு மேஜர் ஜெனரல் மொகிந்தர் சிங்கை அமர்த்தினார்கள். மேற்கு ராணுவத் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் ஹர்பக்ஷ் சிங் பின்னாளில் எழுதிய போர் அறிக்கைகளில் இந்த முதல் நாளின் நழுவலைக் கடுமையாகவே பதிவு செய்திருக்கிறார்.

ஒருவரை நீக்கியதோடு கணக்கு தீர்ந்ததா? என் கருத்தில் இல்லை. முன்னால் நிற்கும் பட்டாலியன் சொல்வதைக் கேட்கப் பின்னால் ஒரு காது வேண்டும். வெற்றி வந்தால் உடனே ஊட்டுவதற்குத் தயாராக ஒரு படை வேண்டும். இவை ஒரு மனிதரின் துணிச்சலைச் சேர்ந்தவை அல்ல, ஓர் அமைப்பின் பழக்கத்தைச் சேர்ந்தவை. அந்தப் பழக்கம் அன்று இல்லை.

பதினைந்து நாள்

3 ஜாட் சந்த்புரா பக்கம் குழி வெட்டிக்கொண்டு உட்கார்ந்தது. எதிரே, தான் ஒரே நாளில் பிடித்து அன்றைக்கே விட்ட ஊர், நாளுக்கு நாள் கோட்டையாகிக்கொண்டிருந்தது. பாட்டாபூர் பக்கம் லெப்டினன்ட் கர்னல் தஜம்முல் ஹுசைன் மாலிக்கின் 3 பலூச் பட்டாலியன். ஆறு ஆண்டு கழித்து, வங்கதேசப் போரில் ஹில்லியில் நம் படைகளைத் திணற அடித்தவர் இதே தஜம்முல்தான். டோக்ராய்க்குள் லெப்டினன்ட் கர்னல் கோல்வாலா தலைமையில் பாகிஸ்தானின் 16 பஞ்சாப் வந்து நிலைகொண்டது. டாங்கிகள் வந்தன. வீடுகள் அரண்களாயின. கிராண்ட் டிரங்க் சாலையில், ஊருக்கு முன்பாக 13-வது மைல்கல் அருகே இன்னொரு வலுவான நிலை.

தெற்கே, இதே கால்வாயின் இன்னொரு துறையில், பர்க்கி ஊரை நம் 4 சீக்கும் அதே பெயர் கொண்ட நம் 16 பஞ்சாபும் செப்டம்பர் 10 இரவில் பிடித்தன. அங்கே எதிரியின் பீரங்கிகளுக்குக் குறி சொல்லிக்கொண்டு, இரவும் பகலும் கால்வாய்க்கரையை விட்டு நகராமல் நின்று செத்தவர் பாகிஸ்தானின் மேஜர் ராஜா அஜீஸ் பட்டி. அவர்கள் நாட்டின் மிக உயர்ந்த விருதான நிஷான்-ஏ-ஹைதர் அவருக்குக் கிடைத்தது. எதிரியின் வீரத்தைச் சொன்னால் நம் வீரம் குறைந்துவிடாது. யாரோடு மோதினோம் என்று தெரிந்தால்தான் நம் ஜவான் செய்தது என்னவென்று புரியும்.

இதற்கிடையில் நியூயார்க்கில் ஐ.நா. பாதுகாப்புச் சபை செப்டம்பர் 20-ஆம் தேதி போர்நிறுத்தம் கேட்டுத் தீர்மானம் போட்டது. போர் முடியப்போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எங்கே நிற்கும்போது முடியும் என்பதுதான் மிச்சம். டோக்ராய் எதிரி கையில் இருக்கும்போதே துப்பாக்கிகள் ஓய்ந்தால், லாகூர்ச் சாலையில் இந்தியா கால்வாயைத் தொடவே இல்லை என்றாகிவிடும். முடியப்போகும் போரின் கடைசி இரண்டு இரவுகளில் ஒன்றில் ஆட்களைச் சாவுக்கு அனுப்பலாமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் எளிதான பதில் இல்லை. நிற்கும் இடத்தை வைத்துத்தான் பேச்சுவார்த்தை நடக்கும் என்பது ராணுவத்தின் வாதம். அந்த வாதத்தை நான் ஏற்கிறேன். ஆனால் அந்த இடத்தில் நாம் ஏற்கெனவே ஒருமுறை நின்றிருந்தோம்.

தேய்பிறை இரவு

மகாளய அமாவாசைக்கு இன்னும் மூன்று நான்கு நாள்தான். நள்ளிரவு கடந்து வெகுநேரம் வரை நிலவு எழாது. இரவுத் தாக்குதலுக்கு அதைவிடப் பொருத்தமான இருட்டு கிடைக்காது, அதைவிடக் கடினமான இருட்டும் கிடையாது.

காலாட்படை ஏன் இரவில் போகிறது என்பதை ஒரு முறை யோசிக்க வேண்டும். பஞ்சாப் சமவெளியில் மறைவதற்கு மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. பகலில் ஆயிரம் அடி தூரம் திறந்த வயலில் நடக்கிறவனைப் பதுங்குகுழியில் இருப்பவன் நிதானமாகக் குறி பார்க்கலாம். இருட்டு அந்தக் குறியைப் பறிக்கிறது. ஆனால் தாக்குகிறவனிடமிருந்தும் அது நிறையப் பறித்துக்கொள்கிறது. பத்தடி தள்ளி நடக்கும் தோழன் தெரிவதில்லை. திசைகாட்டியும் எண்ணி வைக்கும் அடிகளும்தான் வழி. கரும்புக்கொல்லைக்குள் புகுந்தால் ஒரு பிளாட்டூன் இரண்டாகிவிடும். ஒரு சிகரெட், ஒரு இருமல், அவிழ்ந்து ஆடும் தண்ணீர்க்குப்பி ஒன்று போதும், எல்லாம் கெட்டுப்போக. தன் பீரங்கிக் குண்டுகள் எந்த நிமிடத்தில் எங்கே விழுந்து, எந்த நிமிடத்தில் நகரும் என்பதை ஒவ்வொரு கம்பெனி தலைவனும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். ஐந்து நிமிடம் முந்தினால் சொந்தக் குண்டு கொல்லும். ஐந்து நிமிடம் பிந்தினால் எதிரி தலையைத் தூக்கிவிடுவான்.

இதெல்லாம் சரியாக நடந்தாலும், கடைசி ஐம்பது அடியை ஓடியே கடக்க வேண்டும். அதற்கு எந்தத் திட்டமும் உதவாது. பக்கத்தில் ஓடுகிறவன் நிற்க மாட்டான் என்ற நம்பிக்கைதான் உதவும். அந்த மாலையில் ஹைட் தன் ஆட்களிடம் கேட்டது அதைத்தான். ஒருவரும் பின்வாங்கக் கூடாது, உயிரோடோ பிணமாகவோ டோக்ராயில் சந்திக்க வேண்டும் என்று அவர்கள் மொழியிலேயே சொன்னார். ஜாட் ரெஜிமென்ட்டில் இன்றும் ஒவ்வொரு புது ஜவானும் அந்த வார்த்தைகளைக் கேட்டுத்தான் வளர்கிறான்.

திட்டம் இரண்டு கட்டம். முதலில் நம் 13 பஞ்சாப் சாலையின் மேல் இருந்த 13-வது மைல்கல் நிலையை எடுக்க வேண்டும். பிறகு 3 ஜாட் டோக்ராயைத் தாக்கும். முதல் கட்டம் நினைத்தபடி நடக்கவில்லை. 13 பஞ்சாப் கடும் சூட்டில் சிக்கியது. வழக்கப்படி இரண்டாவது கட்டத்தைத் தள்ளிப் போட்டிருக்கலாம், மேலே யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஹைட் தள்ளிப்போட மறுத்தார். தன் பட்டாலியன் புறப்பட்டுவிட்டது, இருட்டு காத்திருக்காது, நாளை இரவு என்று ஒன்று இந்தப் போரில் இருக்குமோ இருக்காதோ. செப்டம்பர் 6-ஆம் தேதி கேட்காமல் போன குரல், 21-ஆம் தேதி தன் பொறுப்பில் முடிவெடுத்தது. டோக்ராய் சண்டையின் தீர்மானமான தருணம் என்று நான் நினைப்பது இதைத்தான். முதல் குண்டு வெடித்த நேரத்தை அல்ல.

சுமார் 550 பேர். சாலை வழியே நேராக வருவார்கள் என்று எதிர்பார்த்திருந்த எதிரியை ஏமாற்றி, வடக்கே வளைந்து, வயல் வழியே சுற்றிப் பக்கவாட்டில் போனார்கள். இரவு ஒன்றரை மணி தாண்டியபோது கம்பெனிகள் ஊர் விளிம்பைத் தொட்டுப் பாய்ந்தன. 'ஜாட் பல்வான், ஜெய் பகவான்' என்ற கோஷம் எழுந்தபோதுதான் பல பதுங்குகுழிகளுக்குத் தாக்குதல் எங்கிருந்து வருகிறது என்றே தெரிந்தது.

அதற்கு மேல் அது ஒரு பட்டாலியனின் சண்டையாக இல்லை, பத்துப் பேர், ஐந்து பேர், இரண்டு பேர் என்று துண்டு துண்டான சண்டை. சுவருக்கு இந்தப் பக்கம் ஜாட், அந்தப் பக்கம் பஞ்சாபி. கையெறி குண்டை எறிந்து, வெடித்ததும் கதவுக்குள் பாய வேண்டும். உள்ளே புகையில் துப்பாக்கியைத் திருப்ப இடம் இருக்காது, பயனெட்தான். கைக்குக் கை போராடினார்கள். இரு பக்கத்தாரும் நெருங்கிய மொழிகள் பேசுகிறவர்கள். ஏசுவதும் கெஞ்சுவதும் தண்ணீர் கேட்பதும் இருவருக்கும் புரியும். பஞ்சாப் போரின் கொடுமைகளில் இதைப் பற்றி அதிகம் எழுதப்படவில்லை.

மேஜர் ஆசாராம் தியாகிக்கு அப்போது வயது 26. மோதிநகருக்கு அருகில் ஃபதேபூர் கிராமத்துக்காரர். முன்னணிக் கம்பெனி அவருடையது. அவர் குறியில் கான்கிரீட் அரண்களும் டாங்கிகளும் இருந்தன. வலது தோளில் இரண்டு குண்டுகள் பாய்ந்த பிறகும் அவர் நிற்கவில்லை. டாங்கிகளை நோக்கி ஓடி, அவற்றை இயக்கியவர்களை வீழ்த்தி, இரண்டு டாங்கிகளைச் சேதமில்லாமல் பிடித்தார். மறுபடியும் மூன்று குண்டுகள். நினைவு தப்பும்வரை கம்பெனியை நடத்திக்கொண்டிருந்தார். அவரைப் பின்னால் எடுத்துச்சென்றார்கள். செப்டம்பர் 25-ஆம் தேதி, போர் நின்று இரண்டு நாள் கழித்து, இறந்தார். இன்னொரு கம்பெனியை நடத்திய கேப்டன் கபில் சிங் தாப்பா அந்த இரவைத் தாண்டவில்லை. இருவருக்கும் மறைவுக்குப் பின் மகாவீர் சக்ரா விருது. உயிரோடு அதைப் பெற்றவர் ஹைட். ஒரே பட்டாலியனுக்கு மூன்று மகாவீர் சக்ராக்கள்.

பெயர் தெரிந்தவர்களைப் பற்றி எழுதுவது சுலபம். அந்த இரவில் செத்தவர்களில் பெரும்பாலோர் சிப்பாய்களும் நாயக்குகளும் ஹவில்தார்களும். அக்டோபரில் சாஸ்திரி 'ஜெய் ஜவான், ஜெய் கிசான்' என்று முழங்கினார். இந்த பட்டாலியனில் அந்த இரண்டும் ஒரே ஆள். கரும்பும் கோதுமையும் போடும் வீட்டிலிருந்து வந்து, கரும்புக்கொல்லை வழியே நடந்து போய்ச் செத்தவர்கள்.

கரையைத் தொட்ட காலை

விடியும்போது டோக்ராய் இந்தியாவின் கையில் இருந்தது. 16 பஞ்சாபின் தலைவர் கோல்வாலா உட்பட நூற்றுக்கும் அதிகமானோர் சிறைப்பட்டார்கள். ஊருக்குள் கிடந்த பாகிஸ்தானியரின் உடல்கள் நம் இழப்பைவிடப் பல மடங்கு. ஆனால் ஊரைப் பிடிப்பது பாதி வேலை. செப்டம்பர் 22 முழுவதும் மேற்குக் கரையிலிருந்து பீரங்கிகள் அடித்துக்கொண்டே இருந்தன. எதிர்த்தாக்குதல்கள் வந்தன. இரவெல்லாம் தூங்காத, ஆளில் மூன்றில் ஒரு பங்கை இழந்த பட்டாலியன் அவற்றைத் தாங்கி நின்றது. செப்டம்பர் 23 அதிகாலை மூன்றரை மணிக்குப் போர்நிறுத்தம் வந்தபோது, 3 ஜாட்டின் காவலாளிகள் இச்சோகில் கால்வாயின் கிழக்குக் கரையில் இருந்தார்கள்.

அடுத்த சில மாதங்கள் அவர்கள் அங்கேயே கிடந்தார்கள். 1966 ஜனவரி 10-ஆம் தேதி தாஷ்கண்டில் சாஸ்திரியும் பாகிஸ்தான் அதிபர் அயூப் கானும் உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். மறுநாள் அதிகாலை சாஸ்திரி அங்கேயே இறந்தார். உடன்பாட்டின்படி பிப்ரவரி 25-க்குள் இரு ராணுவங்களும் ஆகஸ்ட் 5-இல் இருந்த இடங்களுக்குத் திரும்ப வேண்டும். டோக்ராய் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

திருப்பிக் கொடுத்தது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. பிடித்த நிலத்தையெல்லாம் வைத்துக்கொள்வது என்று எல்லாரும் நின்றிருந்தால் போர் முடிந்திருக்காது. காஷ்மீரில் நாம் பிடித்திருந்த ஹாஜி பீர் கணவாய் போயிற்றே என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு, அந்த விவாதம் வேறு. என் வருத்தம் அதற்கு முந்தையது. செப்டம்பர் 6-ஆம் தேதி மேற்குக் கரையில் நின்ற பட்டாலியனுக்கு ஒரு கம்பெனியும் சில டாங்கிகளும் ஒரு நல்ல வயர்லெஸ் செட்டும் போய்ச் சேர்ந்திருந்தால், 21-ஆம் தேதி இரவு அந்த ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் அப்படிச் சாக வேண்டியிருக்காது. லாகூர் விழுந்திருக்குமா என்பது கற்பனை. அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்பதற்கு வாய்ப்பு மிக அதிகம்.

இதைத் திறந்து பேச நாம் ஏன் தயங்குகிறோம்? பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவு 1965 போரின் அதிகாரபூர்வ வரலாற்றை எஸ்.என். பிரசாத்தின் பொறுப்பில் எழுதி முடித்தது 1992-இல். உள்சுற்றுக்கு மட்டும் என்று பூட்டி வைத்தார்கள். 2000-இல் ஒரு நாளிதழ் அதை இணையத்தில் போட்ட பிறகுதான் பொதுமக்கள் பார்த்தார்கள். முறையாக நூலாக வெளிவந்தது 2011-இல், போர் முடிந்து 46 ஆண்டு கழித்து. அதற்குள் அந்தத் தவறுகளிலிருந்து பாடம் கற்க வேண்டிய ஒரு தலைமுறை அதிகாரிகள் ஓய்வே பெற்றுவிட்டார்கள். 1962 தோல்வியை ஆராய்ந்த ஹென்டர்சன் புரூக்ஸ் – பகத் அறிக்கையை அரசு இன்றுவரை வெளியிடவில்லை. அது உரிய காலத்தில் வெளிவந்து நேர்மையாக விவாதிக்கப்பட்டிருந்தால், மூன்று ஆண்டு கழித்து லாகூர்ச் சாலையில் என்ன நடந்திருக்கும் என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகம் ஒரு புதிய கொள்கையை அறிவித்தது. ஒரு போர் முடிந்து ஐந்து ஆண்டுக்குள் அதன் வரலாறு தொகுக்கப்பட வேண்டும், ஆவணங்கள் பொதுவாக 25 ஆண்டில் மக்களுக்குத் திறக்கப்பட வேண்டும் என்கிறது அது. நல்ல கொள்கை. அதைப் பழைய போர்களுக்கும் தாராளமாகப் பொருத்த வேண்டும். பட்டாலியன்களின் போர் நாட்குறிப்புகளையும் வயர்லெஸ் பதிவேடுகளையும் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும்.

அரசு செய்யும்வரை நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. அதே 1965 செப்டம்பரில், சியால்கோட் முனையில் மகாராஜ்கேயை இரவில் தாக்கிப் பிடித்தது நம் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 4-வது பட்டாலியன். அதன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் எச்.எல். மேத்தா அந்தச் சண்டையில் விழுந்தார். வேலூர் மாவட்டத்திலும் தென்மாவட்டங்களிலும் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன ஊர்கள் இருக்கின்றன. அன்று இருபது வயது ஜவானாக இருந்தவர்களுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. உங்கள் தெருவில், உங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு தாத்தா இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அலைபேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, எந்த பட்டாலியன், எந்த ஊர், அன்றிரவு உத்தரவு எப்போது வந்தது என்று கேளுங்கள். அவர் சொல்வதைத் தேதியோடு எழுதி வையுங்கள்.